கழிச்சு வைச்ச கோதுகள்

நான் கால் ஆட்டுறது கரைச்சலா இருந்தால் சொல்லுங்கோ அக்கா, நிப்பாட்டுறன். ஆனா கொஞ்ச நேரத்தில அது தன்ரபாட்டில திரும்ப ஆடத் தொடங்கும். காலமையில இருந்து இப்பிடித்தான்.

நீங்கள் தமிழ் எண்டு பஸ்ஸில ஏறேக்கயே தெரியும். போனில அம்மாவோட கதைச்சனீங்கள். இந்தியாவோ? தாராபுரமோ? கேள்விப்படேல்லை. ரிமின்ஸில கொலிஜ் படிக்கிறியள், சரி. நான் கதைக்கிறது விளங்காட்டிக் கேளுங்கோ. எனக்கு ஒரு விசயத்தை ரெண்டு தரம் சொல்லுறது பிடிக்காது. உங்களுக்கு எண்டால் சொல்லுறன், நீண்ட பயணம்தானே.

நான் படிக்கிறேல்லை. பதினோராம் வகுப்போட விட்டுட்டன். விட்டது ஏன் எண்டு கேக்காதேங்கோ, எல்லாரும் கேக்கினம். இருந்து கேக்க ஏலேல்லை, அவ்வளவுதான். ஒருத்தர் வந்து ஒரு மணித்தியாலம் சுத்திச் சுத்திச் சொல்லுறதை நான் கையில எடுத்துப் பாத்தால் அஞ்சு நிமிசத்தில விளங்கிடும். இப்ப பதினெட்டு.

எங்க போறனோ? அப்பாவிட்ட. அவர் ரிமின்ஸுக்கும் அங்கால காட்டுக்குள்ள வேட்டைக்குப் போயிருக்கிறார். மூஸ் வேட்டை. மூஸ் எண்டால் மான்தான், ஆனா குதிரையை விட உயரம். அப்பாவின்ர பையில ஒரு தோட்டாப் பெட்டி இருக்கு. அதில இருந்து ஒண்டைக்கூட அவர் சுடக்கூடாது. சுட்டால் மூஸுக்கு என்ன நடக்குமோ தெரியாது, அவற்ற முகத்துக்கு நடக்கும். அதைச் சொல்லத்தான் போறன்.

பயப்பிடாதேங்கோ, நேரம் இருக்கு. சீசன் திங்கள்தான் திறக்கும், இண்டைக்குச் சனி. அதுக்கு முதல் சுடேலாது, சுட்டால் பிடிப்பாங்கள். அப்பா முந்திப் போனது விறகு வெட்ட, குடிசையைக் கூட்டித் துடைக்க. கோர்டி எண்டு அவரோட வேலை செய்யிற ஒரு வெள்ளைக்காரர், அவற்ற குடிசை. அங்க போன் வேலை செய்யாது. எத்தினை தரம் அடிச்சுப் பாத்திட்டன்.

எப்பிடி எனக்குத் தெரியும் எண்டோ? நான்தானே அந்தத் தோட்டாவை நிரப்பினனான்.

அப்பிடிப் பாக்காதேங்கோ. களவு வேலை இல்லை. இந்தக் கனடாவில கனபேர் வீட்டில செய்யிறவை. கடையில வாங்கிற தோட்டா விலை. சுட்டுப்போட்டு எறியிற பித்தளைக் கோது இருக்கெல்லோ, அதைப் பொறுக்கி எடுத்து, திரும்ப அளவாக்கி, திரும்ப நிரப்பிச் சுடலாம். அப்பா பழகினது கோர்டியிட்ட. நான் பழகினது அப்பாவிட்ட. பிறகு அப்பா விட்டுட்டார், நான்தான் செய்யிறன். அப்பாவுக்குக் கண் கிட்டத்தில தெரியாது, கை கொஞ்சம் நடுங்கும். எனக்கு நடுங்காது.

கராஜுக்குள்ள ஒரு மேசை. அதில பூட்டின பிரெஸ், பெரிய பிடி வைச்சது. இடியப்ப உரல் பாத்திருப்பியள்தானே, அந்த மாதிரி நெரிக்கிற சாமான், ஆனா பலம் ஆயிரம் மடங்கு. மேல டை எண்டு ஒரு இரும்பு அச்சு. சுட்ட கோது ஊதிப்போய்க் கிடக்கும் அக்கா. துவக்குக்குள்ள வெடிக்கேக்க அந்தப் பித்தளை பலூன் மாதிரி ஊதும். துவக்கு எண்டால் துப்பாக்கி. எந்தத் துவக்கில வெடிச்சுதோ அந்தத் துவக்கின்ர அறை என்ன அளவோ அந்த அளவுக்கு ஊதி நிண்டிடும். கோதைத் துடைச்சு, கொஞ்சம் எண்ணெய் பூசி, அச்சுக்குள்ள ஏத்தி நெரிச்சால் திரும்ப ஒடுங்கும். எண்ணெய் குறைஞ்சால் உள்ளுக்க இறுகிப்போகும், பிறகு அதைக் கழட்டிறதுக்குள்ள சீவன் போயிடும். எண்ணெய் கூடினால் கோதின்ர தோளில, கழுத்துக்குக் கீழ, பள்ளம் விழும். பிடியை இழுக்கேக்க கையில தெரியும். ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில இப்பிடி ஒண்டு இருந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டன்.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமாக் கேளுங்கோ. இதிலதான் எல்லாம் கிடக்கு.

வீட்டில ரெண்டு துவக்கு. ஒண்டு அப்பாவின்ர. மற்றது சித்தப்பாவின்ர, அப்பாவின்ர தம்பி, குணரூபன். அவர் பக்கத்துத் தெருவில, ஆனா வேட்டைச் சாமான் எல்லாம் எங்கட கராஜிலதான். ரெண்டும் ஒரே தோட்டா போடுற துவக்குத்தான். ஆனா அப்பாவின்ர பழசு, அறை ஒரு தலைமுடி அளவு நீளம். சித்தப்பாவின்ர புதுசு, அறை இறுக்கம். ஆகவே அப்பாவின்ர கோதை நான் முழுக்க நெரிக்கிறேல்லை. கழுத்தை மட்டும் ஒடுக்குவன், உடம்பை அப்பிடியே விடுவன். அது அப்பாவின்ர துவக்குக்குக் கையுறை மாதிரி. சித்தப்பாவின்ர கோதை முழுக்க நெரிப்பன். அப்பாவுக்குப் பச்சைப் பெட்டி, சித்தப்பாவுக்கு நீலப் பெட்டி. ஒருத்தற்ற மற்றவருக்குப் போகக்கூடாது. இதை நான் எல்லாருக்கும் சொன்னனான். ஒருக்காச் சொன்னனான்.

நான் ஒருக்காத்தான் சொல்லுவன்.

போன வருசம் சித்தப்பா பச்சைப் பெட்டியில கையை விட்டுட்டார். காலமை இருட்டுக்க பாக்காம எடுத்துப் பையில போட்டது அவர்தான். காட்டுக்குள்ள மூஸ் ஒண்டு முன்னால வந்து நிண்டிருக்கு. நல்ல பெரிய ஆண். சித்தப்பா தோட்டாவைப் போட்டு மூடப் பாத்தால் துவக்கு மூடாது. எப்பிடி மூடும்? அது அப்பாவின்ர அளவு. அடிச்சுப் பாத்தவராம், குத்திப் பாத்தவராம். மூஸ் நிண்டு இவரைப் பாத்திட்டு, ஆறுதலா நடந்து போட்டுதாம். அப்பாதான் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர்.

சித்தப்பா சிரிக்கேல்லை.

அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள். மண்டபத்தில, சித்தப்பாவின்ர மனுசியின்ர பக்கத்துப் பிள்ளை ஒண்டுக்கு ஒரு வயசு. முழுச் சனமும் நிக்குது. நான் ஒரு தட்டில ரோல்ஸும் பற்றிஸும் எடுத்துக்கொண்டு வாறன். சித்தப்பா என்னைக் கண்டிட்டு அந்த மேசை முழுக்கக் கேக்கச் சொல்லுறார், "இஞ்ச வாறா எங்கட எஞ்சினியர். பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வந்து எனக்குத் தோட்டா செய்து தந்தவ. மூஸ் என்னைப் பாத்து பாய் சொல்லிட்டுப் போட்டுது." எல்லாரும் சிரிக்கினம். ஒரு மாமி கேக்கிறா, "ஏன் பிள்ளை, உனக்கு இடியப்ப உரல் போதாதோ?" அதுக்கும் சிரிப்பு.

நான் சொன்னன், "சித்தப்பா, நீங்கள் எடுத்தது பச்சைப் பெட்டி." அவ்வளவுதான் சொன்னன். "ஓமோம், உனக்கு ஒரு நாளும் பிழை வராது" எண்டார். அப்பா பக்கத்தில இருக்கிறார். "விடு பிள்ளை, விடு பிள்ளை" எண்டு கண்ணால சொல்லுறார். அப்பா அப்பிடித்தான். ஆர் என்ன சொன்னாலும் சரி சரி எண்டுவார். நல்ல மனுசன். அதுதான் அவற்ற பிரச்சினை.

நான் தட்டைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிட்டு, காருக்குள்ள போய் இருந்திட்டன்.

இல்லை அக்கா, பிஸ்கற் வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கோ.

இந்தக் கோடைக்கு முதல் சித்தப்பா வந்து சொல்லிப்போட்டார், இனிப் பச்சை நீலம் ஒண்டும் வேண்டாம், எல்லாத்தையும் ஒரே மாதிரி முழுக்க நெரி, ஆர் எதை எடுத்தாலும் போக வேணும் எண்டு. நான் ஏலாது எண்டன். அப்பாவின்ர துவக்கு நீளம், முழுக்க நெரிச்ச கோது அதுக்குள்ள தொளதொளவெண்டு நிக்கும், வெடிக்கேக்க அந்த இடைவெளிக்கு இழுபடும், நான் திரும்ப நெரிப்பன், திரும்ப இழுபடும், ஒரு கம்பியை வளைச்சு வளைச்சு நிமித்தினால் என்ன நடக்கும், அதுதான் நடக்கும் எண்டன். சித்தப்பா அப்பாவைப் பாத்தார். அப்பா என்னைப் பாத்தார். "தம்பி சொல்லுறதைச் செய் பிள்ளை, என்னத்துக்குச் சண்டை."

சரி. செய்தன்.

அந்தக் கோடை முழுக்க ரெண்டு பேரும் ஞாயிறில கிரவல் குழிக்கு, சரளைக் கல்லு அள்ளின இடத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினவை. கோதெல்லாம் கலந்து ஒரு வாளிக்குள்ள வரும். ஆற்றது எது எண்டு தெரியாது. நான் துடைக்கிறன், எண்ணெய் பூசுறன், நெரிக்கிறன். திரும்பப் போகும், திரும்ப வரும். ஆவணி மாசம் எனக்குக் கையில வித்தியாசம் தெரிஞ்சுது. நீளம் கூடிக்கொண்டு வருது, வாயை வெட்டி வெட்டிக் குறைக்க வேண்டி இருக்கு. அந்தப் பித்தளை எங்க இருந்து வருது? அடியில இருந்துதானே வரும். அடி மெல்லிசாகுது.

அதுக்கு ஒரு சோதினை இருக்கு. கடுதாசிக்குக் கொழுவுற கிளிப்பை நிமித்தி, நுனியைக் கொஞ்சம் வளைச்சு, கோதுக்குள்ள விட்டு, அடியில இருந்து மேல மெல்ல இழுக்க வேணும். நல்ல கோது எண்டால் வழுக்கிக்கொண்டு வரும். பழுதானதில அடிக்குக் கொஞ்சம் மேல நுனி தடக்குப்படும். உள்ளுக்க ஒரு வாய்க்கால் மாதிரி, சுத்திவர. வெளியில அதே இடத்தில ஒரு மினுங்கல் கோடு, மோதிரம் போட்ட மாதிரி. அடுத்த வெடியில இல்லாட்டி அதுக்கடுத்த வெடியில அந்த இடத்தால கோது ரெண்டா அறும். அறுந்தால் வெடிமருந்தின்ர நெருப்புக் காத்து முன்னுக்குப் போறதுக்குப் பதிலாப் பின்னுக்கு வரும். பின்னுக்கு என்ன இருக்கு? கன்னத்தை அணைச்சுக் குறி பாக்கிற மனுசன் இருக்கிறான்.

கோர்டியின்ர தமையனுக்கு ஒரு கண் இல்லை. இதாலதான்.

நான் ஒவ்வொண்டாத் தடவிப் பாத்து, தடக்குப்பட்டதை எல்லாம் கழிச்சு ஒரு கோப்பி ரின்னுக்குள்ள போட்டு வைச்சன். ரின் வாய்மட்டும் நிறைஞ்சிட்டுது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன். கிளிப்பை அவற்ற கையில குடுத்தன், நீங்களே தடவிப் பாருங்கோ எண்டு. அவர் தடவவே இல்லை. "கம்பியால கிண்டி எங்களைப் பேய்க்காட்டுறாய். உனக்கு என்னில கோவம், அதுக்குப் பித்தளையைச் சாட்டுறாய்" எண்டு சொல்லிட்டுப் போட்டார்.

அண்டைக்கும் ஒருக்காத்தான் சொன்னன்.

இப்ப இந்தக் கிழமை. புதன்கிழமை பின்னேரம். அப்பாவுக்கு வேண்டியதை நான் முதலே வேற நிரப்பி வைச்சிட்டன், புதுக் கோதில. எனக்கு என்ர அப்பா முக்கியம். சித்தப்பா வாறார், தன்ர பெட்டி எங்க எண்டு. நான் சொன்னன், நல்ல கோது முடிஞ்சுது, நீங்கள் கடையில வாங்குங்கோ. அவர் மேசையைச் சுத்திப் பாக்கிறார். ரின்னைக் கண்டிட்டார். "உதில அவ்வளவு கிடக்கு. அதை நிரப்பித் தா."

"அது கழிச்சது சித்தப்பா. அறுந்திடும்."

"எடியே, நீ கழிக்கிறதும் கூட்டுறதும். நான் எத்தினை வருசமாச் சுடுறன். நிரப்பித் தா எண்டால் தா."

"அறுந்தால் என்னைக் கேக்கக்கூடாது."

"உன்னை ஆர் கேக்கப்போயினம்?"

உன்னை ஆர் கேக்கப்போயினம். அப்பிடியே சொன்னவர் அக்கா. ஒரு சொல் கூட்டிக் குறைச்சுச் சொல்லேல்லை நான்.

சரி, நிரப்பிக் குடுத்தன். கேட்டவர், குடுத்தன். நான் மறைக்கேல்லை, பொய் சொல்லேல்லை. அறுந்திடும் எண்டு முகத்துக்கு நேரச் சொன்னன். வேற ஒராள் எண்டால் சொல்லாமலே குடுத்திருக்கும். குடுக்கிறதை வடிவாக் குடுக்க வேணும் எண்டு ஒவ்வொண்டையும் மினுக்கினன். புதுசு மாதிரி வந்திட்டுது. மினுக்கினால் வெளியில இருக்கிற அந்தக் கோடு தெரியாது, அது உண்மைதான். அதுக்காக ஊத்தையோட குடுக்க ஏலுமோ? பிறகு அதுக்கும் ஒரு கதை சொல்லுவார், பிறந்தநாள் மண்டபத்தில.

பெட்டிக்கு மேல ஒரு துண்டு நாடா ஒட்டி என்ர எழுத்துப் போட்டன். "து". துளசிகா எண்ட பேரின்ர முதல் எழுத்து. நான் பாத்து முடிச்ச பெட்டிக்கெல்லாம் போடுறனான். கை தன்ரபாட்டில போட்டிட்டுது.

இப்ப கேளுங்கோ. இண்டைக்குக் காலமை வதனிச் சித்தி போன் அடிக்கிறா. சித்தப்பாவின்ர மனுசி. கறிவேப்பிலை இருக்கோ எண்டு கேக்க அடிச்சவ. அங்கால சித்தப்பாவின்ர குரல் கேக்குது, ரீவி பாக்கிறார். நான் கேட்டன், "என்ன, சித்தப்பா போகேல்லையோ?" அவ சொல்லுறா, "இல்லையடி, அவருக்கு லொறி ஓடச் சொல்லிப்போட்டாங்கள், நாளைக்கு வின்னிப்பெக் போறார். அண்ணைதான் தனியப் போட்டார். பாவம், இவர் தன்ர பெட்டியையும் அண்ணையிட்டக் குடுத்துவிட்டவர், சும்மா கிடந்து என்ன செய்ய எண்டு."

நான் போனை வைச்சிட்டு ஓடிப்போய்க் கராஜைப் பாத்தன். அப்பாவுக்கு நிரப்பின புதுப் பெட்டி மேசையில அப்பிடியே கிடக்கு. நேற்று விடிய, நான் எழும்ப முதலே வெளிக்கிட்டவர், இதை விட்டுட்டுப் போட்டார். சித்தப்பா குடுத்த பெட்டியில என்ர எழுத்து இருக்கெல்லோ? அது போதும் எண்டு நினைச்சிருப்பார். அப்பா கோர்டியிட்ட எப்பவும் சொல்லுறவர், என்ர பிள்ளையின்ர எழுத்து இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவன் எண்டு.

விளங்குதோ? அந்தக் கோதுகள், அப்பாவின்ர துவக்கில. சித்தப்பாவின்ர இறுக்கமான துவக்கில எண்டால் ஒருவேளை தாங்கியிருக்கும். அப்பாவின்ரதில தாங்காது. இழுபட இடம் இருக்கிற துவக்கு அது.

அடுத்த பஸ்ஸில ஏறிட்டன். அம்மா முதியோர் இல்லத்தில வேலை, பின்னேரம்தான் வருவா. சொல்லேல்லை. சொன்னால் அழுது குழறுவா, நான் குழறலைக் கேக்கோணும், ஒரு பஸ் போயிடும்.

என்ன கேட்டனீங்கள்?

சித்தப்பாவுக்கு எண்டால்?

இல்லை, விளங்குது கேள்வி. சித்தப்பா போயிருந்தால் நான் இந்த பஸ்ஸில ஏறியிருப்பனோ எண்டு கேக்கிறியள். இல்லை. ஏறியிருக்க மாட்டன். நான் ஏன் பொய் சொல்ல வேணும்? அவருக்கு நான் சொன்னனான். அப்பாவுக்கு நான் சொல்லேல்லை. சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் வித்தியாசம் இருக்கோ இல்லையோ? நீங்கள் படிக்கிற ஆள், நீங்களே சொல்லுங்கோ.

புதன் போச்சு, வியாழன் போச்சு, வெள்ளி போச்சு. நான் நல்லாத்தான் நித்திரை கொண்டனான்.

ஏன் யன்னலால பாக்கிறியள்? நான் அவரைச் சாகச் சொல்லேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை. அவர் கேட்டவர்.

சரி விடுங்கோ.

தெமகாமியோ இது? இன்னும் எவ்வளவு தூரம்? இந்த ட்றைவர் ஏன் இப்பிடி ஊருறான். ஒவ்வொரு சந்தியிலயும் நிப்பாட்டி ஆருக்கோ பாசல் குடுக்கிறான். நேரம் இருக்கு எண்டாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருது. ரிமின்ஸில இறங்கி அங்க இருந்து நாப்பது கிலோமீற்றர். பெற்றோல் நிலையத்தில ஆரையாவது கேட்டுப் போவன். ரிமின்ஸில உங்களைக் கூட்டிப்போக ஒரு சிநேகிதி வாறா எண்டனீங்களெல்லோ, அவவிட்டக் கார் இருக்கோ? சும்மா கேட்டன். இருட்டினால் விடியப் போவம். நாளைக்கு ஞாயிறு, முழுநாள் கிடக்கு. போய்ப் பெட்டியைக் கையில வாங்கிக் குளத்துக்குள்ள எறிவன். அப்பா ஏன் எண்டு கேக்க மாட்டார். சரி சரி எண்டுவார்.

"ஏனுங்க, போலீசுக்கு ஒரு போன் பண்ணலாமுங்களே" எண்டு சுகமாச் சொல்லுறியள். யோசிக்கேல்லை எண்டோ நினைக்கிறியள்? அவங்கள் வண்டியில போய் அரை மணித்தியாலத்தில சொல்லிடுவாங்கள், தெரியும். ஆனா முதல் கேள்வி என்ன கேப்பாங்கள்? ஆர் நிரப்பினது. ரெண்டாவது கேள்வி, பழுது எண்டு தெரிஞ்சே நிரப்பினியோ. மூண்டாவது கேள்வி கேக்கிறதுக்குள்ள கராஜைப் பூட்டிச் சீல் வைச்சிடுவாங்கள். அப்பாவின்ர லைசென்ஸ் போகும், துவக்குப் போகும், என்ர மேசை போகும். நான் பதினெட்டு, சின்னப் பிள்ளை எண்டு விட மாட்டாங்கள். எல்லாம் எதுக்கு, திங்கள்தான் திறக்கிற சீசனுக்கு? நான் நேர போறன், வாயால சொல்லுறன், முடிஞ்சுது. ஒருக்காச் சொன்னால் அப்பா கேப்பார்.

அப்பா கேப்பார்.

நிப்பாட்டுறான். பத்து நிமிசமாம். இறங்குவம், எனக்குக் காலை நிமித்த வேணும். குளிருது என்ன? உங்களிட்டத் தடிப்பான உடுப்பு இல்லையோ, இதைப் போடுங்கோ. எனக்கு வேண்டாம்.

அக்கா, அங்க பாருங்கோ. அந்த பிக்கப்பில. செம்மஞ்சள் படங்கு போட்டு மூடியிருக்கெல்லோ. அதுக்குள்ளால நீட்டிக்கொண்டு நிக்கிறது கால். மூஸின்ர கால்.

ரத்தம் இன்னும் சொட்டுது.

பொறுங்கோ, கேட்டுக்கொண்டு வாறன்.

*

கேட்டனான். புருசனும் மனுசியும், செம்மஞ்சள் சட்டையோட கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கினம். எப்ப அடிச்சனீங்கள் எண்டு கேட்டன். காலமையாம். திங்களெல்லோ திறக்கிறது எண்டு கேட்டன். அந்த மனுசன் சிரிக்கிறான். அது கீழ, தெற்குப் பக்கத்துக்காம். மேல, வடக்கு வட்டாரம் எல்லாம் இண்டைக்கு விடியவே திறந்தாச்சாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேற வேற நாளாம், உனக்குத் தெரியாதோ எண்டு கேக்கிறான்.

போன வருசம் அப்பாவும் சித்தப்பாவும் போனது கீழ. இந்த வருசம் அப்பாவுக்குக் குலுக்கலில அனுமதி விழுந்தது மேல. அவர் சொன்னவர். வட்டாரம் மாறிட்டுது பிள்ளை எண்டு சாப்பிடேக்க சொன்னவர். நான் கேட்டுக்கொண்டு இருந்தனான். நாளைப் பற்றிக் கேக்கேல்லை.

விடியவே திறந்தாச்சு. இப்ப மூண்டரை.

உங்கட போனைத் தாங்கோ. என்ரதில சிக்னல் ஒரு கோடும் இல்லை. உங்கடதில ரெண்டு நிக்குது, தாங்கோ அக்கா, கெதியா. பொலிசுக்குத்தான். கேக்கட்டும். ஆர் நிரப்பினது எண்டு கேக்கட்டும், நான் சொல்லுறன், எனக்கு என்ன பயம். மேசையைக் கொண்டு போகட்டும்.

அடிக்குது.

எடுத்திட்டா. ஒரு பொம்பிளை. நான் இங்கிலீசில சொல்லுறன், நீங்கள் பிழை எண்டால் சொல்லுங்கோ.

பேர் கேட்டவ, சொல்லிட்டன். எங்க இருந்து எண்டு கேட்டவ, தெமகாமி எண்டு சொல்லிட்டன். அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார், அவருக்கு அவசரமா ஒரு செய்தி சொல்ல வேணும் எண்டன். பேர் என்ன எண்டு கேட்டா. பத்மரூபன். எழுத்துக் கூட்டினன். எந்த இடம் எண்டு கேட்டா. கோர்டியின்ர குடிசை, ஏரிக்கு மேற்கால, கிரவல் றோட்டு எண்டன்.

ரைப் பண்ணுற சத்தம் நிண்டிட்டுது அக்கா. நிண்டிட்டுது.

பொறுக்கட்டாம். ஆரோடயோ கதைக்கிறா. கையால பொத்திக்கொண்டு கதைக்கிறா.

வந்திட்டா. நான் பத்மரூபனுக்கு என்ன முறை எண்டு கேக்கிறா. மகள் எண்டன். வயசு கேக்கிறா. உன்னோட பெரியாக்கள் ஆரும் பக்கத்தில நிக்கினமோ எண்டு கேக்கிறா.

உங்களைத்தான் கேக்கிறா அக்கா. போனை உங்களிட்டக் குடுக்கட்டாம். இருக்க ஒரு இடம் பாத்து என்னை இருத்தச் சொல்லுறா.

ஏன்? நான் இன்னும் பெட்டியைப் பற்றிச் சொல்லவே இல்லையே.